ராமிரோவின் வலப்பக்கம்

நாச்சோ மாமாவுக்கு முழங்காலில் கத்தி வைத்த அன்றைக்கே நயேலி மனசுக்குள் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனாள். கட்டிலருகே உட்கார்ந்து நலம் விசாரித்தாள். வருத்தமும் பட்டாள், பொய்யில்லை. ஆனால் பைக் மந்திரிப்பு ஞாயிறன்று அப்பாவின் வலப்பக்கம் காலியாக இருக்குமே என்ற நினைப்பு அவள் தலையைவிட்டு இறங்கவே இல்லை.

அப்பா ராமிரோ கிளப்புக்குத் தலைவர். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் அவருடைய ஹார்லி வருகிறது என்றால் ரொட்டிக்கடைக்காரன்கூட வாசலுக்கு வந்து நிற்பான். வருசத்துக்கு ஒரு ஞாயிறு, கிளப் முழுக்க விட்டியர் சாலை வழியாக ஊர்வலமாகப் போய் மாதா கோயில் வாசலில் பைக்குகளை வரிசையாக நிறுத்தும். பூசை முடிந்து சாமியார் வெளியே வந்து ஒவ்வொரு இன்ஜின் மேலும் தீர்த்தம் தெளிப்பார். அந்த ஊர்வலத்தில் முன்னால் போவது இரண்டு பைக். இடது பக்கம் ராமிரோ. வலது பக்கம் இத்தனை வருசமாக நாச்சோ மாமா.

அந்த வலப்பக்கம் வயசுக்கோ பதவிக்கோ கிடைப்பதில்லை. சத்தத்துக்குக் கிடைப்பது. ராமிரோவின் பிடிவாதம் அப்படி. முன்னால் போகிற இரண்டு வண்டியும் ஒரே தொண்டையிலிருந்து பேச வேண்டும். ஆசைப்படுகிறவர்கள் தங்கள் பைக்கை அவருடையதற்குப் பக்கத்தில் நிறுத்தி இரண்டையும் ஓடவிட வேண்டும். அவர் தெருவைத் தாண்டிப் போய் எதிரே சலவைக்கடைச் சுவரோரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிடிக்கவில்லை என்றால் உதட்டைப் பிதுக்குவார். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

சத்தத்தை முடிவு பண்ணுவது பேஃபிள். சைலன்சர் குழாயின் வாய்க்குள் செருகுகிற, துளை போட்ட உள்குழாய். கம்பெனி வைத்து அனுப்புவதை வாங்கிய வாரமே கழற்றி எறிந்துவிட்டு, தனியாக விற்பதை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். குட்டையாக, அகலமாக இருந்தால் பைக் கத்தும். நீளமாக இருந்து, மேலே கண்ணாடிப் பஞ்சைச் சுற்றி, மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டினால் அடித்தொண்டையில் பேசும். ராமிரோவுடையது அடித்தொண்டை.

நயேலி முதலில் அப்பாவிடம்தான் கேட்டாள். அவர் யாருடைய வண்டிக்கோ அடியில் படுத்திருந்தார். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

“அப்பா, எந்த பேஃபிள் வாங்கட்டும்?”

“என்கிட்ட ஏன் மிஹா கேக்குறே? நீ படிச்சவ. பார்த்து வாங்கிக்குவே.”

மிஹா என்றால் மகளே. அந்தச் சொல் இனித்தது. மீதி கசந்தது. அந்த வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் அவள். பள்ளிக்கூட நாளில் கராஜ் பக்கம் தலை காட்டினாலே “போ போ, பரீட்சை இருக்கு, கையில கிரீஸ் படாதே” என்று விரட்டுவார். தம்பி காயெலுக்கு ஸ்பேனர் கொடுத்தார்கள், இவளுக்கு மேசை விளக்கு கொடுத்தார்கள். பட்டம் வாங்கிய அன்றைக்குக் குடும்பமே கூடி நின்று அழுதது. அதோடு சரி. அதற்கப்புறம் இவளுக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. வரி கட்டுவதிலிருந்து வாஷிங் மெஷின் ரிப்பேர் வரைக்கும் ‘நீ படிச்சவ’ என்று தள்ளிவிட்டார்கள். இன்சூரன்ஸ் ஆபீஸ் சம்பளத்தில் அவள் ஹார்லி வாங்கி வந்து வாசலில் நிறுத்தியபோதுகூட, “பத்திரமா ஓட்டு” என்பதோடு அப்பா உள்ளே போய்விட்டார்.

சரி, படித்தவள் படித்தவள் மாதிரியே வாங்குகிறேன் என்று ரோஷத்தில் உட்கார்ந்தாள். இணையத்தில் ஊர்பேர் தெரியாத ஆண்கள் போட்ட சண்டைகளையெல்லாம் வாசித்தாள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீடியோக்களைக் கேட்டாள். குட்டை அகலத்தை வாங்கினாள். கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு தானே மாட்டினாள். வண்டியின் இரண்டு குழாயில் கீழ்க்குழாயில், பேஃபிளைப் பிடிக்கிற போல்ட் கோணலாக ஏறி, பேஃபிளின் நட்டில் கடிக்காமல் சும்மா சுற்றியது. கழற்றி மாட்டி, மறுபடி கழற்றி மாட்டி, நகம் பிய்ந்து, கடைசியில் நேராக உட்கார வைத்தாள். ஸ்டார்ட் பண்ணியபோது நாலு சுவரும் அதிர்ந்தன. நெஞ்செலும்பு வரைக்கும் இறங்கியது சத்தம். இத்தனை வருசம் மெதுவாகப் பேசு, மெதுவாக நட, தம்பி தூங்குகிறான் என்று கேட்டு வளர்ந்தவளுக்கு அது போதையாக இருந்தது. மூடிய அறைக்குள் எந்த ஓட்டை டின்னும் முரசாகத்தான் கேட்கும் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு தேசிரே வந்தாள்.

தேசிரே காயெலின் பெண்டாட்டி. படிப்பைப் பாதியில் விட்டவள், டயர் கடையில் கல்லாவில் உட்காருகிறவள், கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறவள். அவளும் வலப்பக்கத்துக்கு ஆசைப்படுவதாக ஒருநாள் சாப்பாட்டு மேசையில், மிளகாய்ச் சட்னியைத் தள்ளு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். மறுநாளே மாமனார் போட்டிருக்கும் அதே நீளப் பேஃபிளை வாங்கி வந்தாள். அவரிடம் யோசனை கேட்டாளோ இல்லையோ, அவர் ‘நீ பார்த்துக்குவே’ என்று சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நயேலி சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தேசிரே பஞ்சைச் சுற்றுகிறாள். ராமிரோ கம்பியின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார்.

“இன்னும் இறுக்கு மிஹா. பஞ்சு தளந்தா சத்தம் தளரும்.”

மிஹாவாம்.

“பாத்திரத்தைக் கழுவுறியா, கொலை பண்றியா?” என்றாள் அம்மா சொகோரோ, பின்னாலிருந்து.

“அவளை மிஹான்னு கூப்பிடுறாரு.”

“மருமகளை வேற எப்படிக் கூப்பிடுவாங்க?”

“பேர் இருக்குல்ல.”

“உனக்கும்தான் பேர் இருக்கு. மூஞ்சியை இப்படி வச்சிருந்தா சோளமாவு புளிச்சுரும், அந்தப் பக்கம் போ.”

நயேலி போகவில்லை. ஜன்னலிலேயே நின்றாள். அப்பா ஏதோ சொல்ல, தேசிரே அவர் தோளில் கையால் அடித்துச் சிரித்தாள். நயேலி தன் ஆயுசில் அவர் தோளில் அடித்ததில்லை.

மந்திரிப்புக்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம், சத்தம் பார்க்கிற நாள். அப்பா கரி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். தேசிரே வாசலில் குத்துக்காலிட்டுத் தன் பேஃபிளை மாட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கரி. அதுகூட அவளுக்கு அழகாகத்தான் இருந்தது.

“கூன்யா,” என்று கூப்பிட்டாள். நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “கொஞ்சம் கீழ குனிஞ்சு பாரேன். போல்ட் சரியா உக்காந்துச்சா? என் கண்ணுக்கு எல்லாம் நேராத்தான் தெரியுது, ஆனா என் கண்ணை நம்பித்தானே உன் தம்பியைக் கட்டினேன்.”

நயேலி சிரிக்கவில்லை. சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து டார்ச்சை அடித்தாள். மேல்குழாய் சரி. கீழ்க்குழாயில் போல்ட்டின் தலை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டாள், சுற்றியது. அவளுக்கு நேர்ந்த அதே கோணல். அந்தக் கோணலை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் தெருவிலேயே இல்லை.

சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் வேறொன்றைச் சொன்னது.

“நல்லாத்தான் இருக்கு.”

“கண்ணு நீதான்,” என்று தேசிரே கை கொடுத்து அவளைத் தூக்கிவிட்டாள்.

நயேலி யாருக்கும் அடிபட வேண்டும் என்று நினைக்கவில்லை. அவள் நினைத்தது சின்ன விஷயம். தளர்ந்த பேஃபிள் கடகடக்கும். அப்பா எதிர்ச்சுவரோரம் கண்ணை மூடி நிற்கும்போது அது கடகடக்கும். உதட்டைப் பிதுக்குவார். தேசிரே ஊர் முன்னால் அசடு வழிவாள். அவ்வளவுதான்.

கிளப்பில் பாதிப் பேர் வந்து கூடிவிட்டார்கள். முதலில் நயேலியின் பைக். திறந்த தெருவில் சுவர் இல்லை. சத்தம் நாலாபக்கமும் சிதறியது. கைப்பிடியைத் தளர்த்திய ஒவ்வொரு தடவையும் பின்னால் படபடவென்று பொரிந்தது.

“சோளம் பொரிக்கிறாடா எங்க அக்கா. யாராவது உப்பு கொண்டாங்க,” என்றான் காயெல். எல்லாரும் சிரித்தார்கள்.

ராமிரோ தெருவைத் தாண்டி வந்தார். உதட்டைப் பிதுக்கக்கூட இல்லை, அதுதான் மோசம். மெதுவாகச் சொன்னார்: “நல்ல வண்டி. ஆனா என் வண்டியோட இது பேசல, அதட்டுது.”

அடுத்தது தேசிரேயின் முறை. நயேலி அந்தக் கடகடப்புக்குக் காத்திருந்தாள். வரவில்லை. புதுப்பஞ்சு, இறுக்கிக் கட்டிய பஞ்சு, குழாய்ச் சுவரோடு அடைத்துக்கொண்டு பேஃபிளை அசையவிடாமல் பிடித்திருந்தது. இரண்டு பைக்கும் ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி ஓடின. ராமிரோ வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. துணிக்கூடையோடு சலவைக்கடையிலிருந்து வந்த ஒரு பெண்கூட அவர் பக்கத்தில் நின்று கேட்டாள். அவர் திரும்பி வந்து தேசிரேயின் பெட்ரோல் டேங்கை இரண்டு தட்டுத் தட்டினார். கைதட்டல் கிளம்பியது.

நயேலியும் தட்டினாள். போய்த் தேசிரேயின் கன்னத்தில் முத்தம்கூடக் கொடுத்தாள். உதட்டில் கரி ஒட்டியது.

“நீ அவளுக்கு நேர் பின்னாடி வா. ரெண்டாவது வரிசை,” என்றார் அப்பா.

“வேணாம்ப்பா. என் வண்டி எல்லாரையும் அதட்டும். நான் வால்ல வர்றேன்.”

கொஞ்சம் கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தாள். “உன் இஷ்டம்,” என்று கரிமூட்டையைப் பிரிக்கப் போய்விட்டார்.

இப்போது எப்படிச் சொல்வது? சொன்னால், ஜெயித்தவளைப் பார்த்து வயிறெரிந்து குறை கண்டுபிடிக்கிறாள் என்பார்கள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்பார்கள். இரண்டும் உண்மையாக இருந்ததுதான் சங்கடம். ராத்திரி முழுக்க அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது இதுதான்: அத்தனை நேரம் ஓடியும் ஆடவில்லையே, ஆடாது.

ஞாயிறு காலை வாலிலிருந்து பார்த்தபோது வரிசை நீண்டு கிடந்தது. முன்னால் ராமிரோ, வலப்பக்கம் தேசிரே. தேசிரேக்குப் பின்னால், நயேலி வேண்டாம் என்று விட்ட இடத்தில், காயெல். காயெலின் பின்சீட்டில் அம்மா. கோயிலுக்குப் போகிற பூப்போட்ட கவுன், மகன் வாங்கித் தந்த புது ஹெல்மெட், மடியில், சோளமாவில் அவித்த தமாலே டப்பா. ராமிரோவின் வண்டிக்குப் பின்சீட்டே கிடையாது, அதனால் அம்மா எப்போதும் மகனோடுதான். இது நயேலிக்குத் தெரியாத விஷயமா? தெரியும். பொறாமையில் கணக்குப் போட்டவள் இதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

வண்டியை விட்டு இறங்கப் போனாள். அதற்குள் ராமிரோ கையைத் தூக்கிவிட்டார். எல்லா இன்ஜினும் ஒன்றாகக் கிளம்பின.

விட்டியர் சாலையில் ஜனம் நடைபாதையில் நின்று கையசைத்தது. நயேலி யாருக்கும் கையசைக்கவில்லை. அவள் புத்தி தேசிரேயின் கீழ்க்குழாய்க்குள் இருந்தது. புதுப்பஞ்சு சூட்டில் கருகும். கருகினால் சுருங்கும். சுருங்கினால் பேஃபிளைப் பிடித்திருப்பது கோணல் போல்ட் ஒன்றுதான். அதுவும் அதிர்ந்து அதிர்ந்து கழன்றுவிட்டால், தேசிரே ஒரு சிக்னலில் கைப்பிடியைத் தளர்த்துகிற நேரம், குழாய்க்குள் ஒரு வெடிப்பு. இரும்புக்குழல் பீரங்கிக்குண்டு மாதிரிப் பின்னால் பறக்கும். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவள் யோசிக்கவே வேண்டியதில்லை.

ஊர்வலத்தில் ஒருத்தரை ஒருத்தர் முந்தக் கூடாது. கிளப்பில் எதற்கு மன்னிப்புக் கிடைத்தாலும் அதற்குக் கிடைக்காது. நயேலி வரிசையை விட்டு வெளியே எடுத்தாள்.

நடுக்கோட்டை ஒட்டி, ஒவ்வொரு ஜோடியாகத் தாண்டினாள். மெதுவான வேகத்தில் அந்த அகலப் பேஃபிள் இழுக்க மறுத்தது. வண்டி திக்கியது, பொரிந்தது, இருமியது. ஹெல்மெட்டுகள் திரும்பின. “தாங்கலபோல,” என்று யாரோ சொல்லிச் சிரித்தது அந்த இரைச்சலிலும் காதில் விழுந்தது. ராமிரோ கண்ணாடியில் பார்த்துவிட்டு உள்ளங்கையைப் பின்னால் விரித்துக் காட்டினார்: திரும்பிப் போ. அவள் தேசிரேயின் பக்கத்தில் வந்து குழாயைக் கைகாட்டினாள். தேசிரே, தன் சத்தத்தைத்தான் பாராட்டுகிறாள் என்று நினைத்துக் கட்டைவிரலைத் தூக்கினாள்.

அடுத்த சிவப்பு விளக்கில் நயேலி தன் வண்டியைத் தேசிரேயின் முன்சக்கரத்துக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

பின்னால் ஹாரன் அலறியது. ராமிரோ ஸ்டாண்டைத் தட்டிவிட்டு இறங்கி வந்தார்.

“என்ன வேணும் உனக்கு? முன்னாடி வரணும், அவ்வளவுதானே? இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?”

“கீழ்க்குழாயைப் பாருங்கப்பா.”

“வண்டியை எடு.”

“பாத்துட்டு திட்டுங்க.”

தேசிரே அதற்குள் குனிந்துவிட்டாள். கையுறையோடு கீழ்க்குழாயின் வாயைத் தொட்டாள். பேஃபிளின் விளிம்பு வழுக்கிக்கொண்டு ஒரு விரல்கடை வெளியே வந்தது. போல்ட் இருந்த இடத்தில் துளைதான் இருந்தது. கருகிய பஞ்சு நூல்நூலாக அவள் விரலில் ஒட்டியது.

வண்டிகளை ரொட்டிக்கடை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். நடைக்குச்சியோடு காரில் பின்னால் வந்த நாச்சோ மாமா மட்டும், “யம்மாடி, இது பறந்திருந்தா சாமியார் தீர்த்தத்தை யார் மேல தெளிச்சிருப்பாரோ,” என்றார். சொகோரோ டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தாள்.

ராமிரோவின் கோபம் வடிந்து, முகம் வேறு மாதிரி ஆனது. “எப்படித் தெரிஞ்சுது உனக்கு?”

“சத்தம் கேட்டிருக்கும்,” என்றான் காயெல்.

“அங்கேருந்தா? கடைசி வண்டிலேருந்தா?” ராமிரோ மகளின் தோளில் கையைப் போட்டார். கனமான கை. “பாருங்கடா. எனக்கே கேக்கல, பக்கத்துலயே வர்றேன். இவளுக்குக் கேட்டுருக்கு. என் பொண்ணு. என் காது அப்படியே வந்துருக்கு இவளுக்கு.” அவர் குரல் லேசாக உடைந்தது. “தேசிரே இன்னைக்கு முன்னாடி வர முடியாது. நீ வா மிஹா என் பக்கம். சத்தம் சேரலைன்னா போகுது, ஒரு நாள்.”

கேட்டது எல்லாம் ஒரே மூச்சில் கிடைத்துவிட்டது. தோளில் கை, மிஹா, வலப்பக்கம். ஆசைப்படக்கூடத் தெரியாத ஒன்றும் கூடவே கிடைத்தது, அப்பாவின் காது. நயேலிக்குக் கண் கலங்கியது. சரி என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது.

தேசிரே அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். நேற்று யார் தரையில் படுத்து டார்ச் அடித்தார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. விரலிலிருந்த பஞ்சைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள். அவள் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், மறுத்திருக்கலாம், உன் கண் எங்கே போச்சு என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். இந்த மௌனம் இருக்கிறதே, இதையும் அவளே வைத்திருக்கிறாள். சத்தத்தில் ஜெயித்தவள் சத்தம் போடாமலும் ஜெயிக்கிறாள். அவளிடம் பிச்சை வாங்கி அப்பாவின் பக்கத்தில் போகவா?

“எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா. நேத்தே பார்த்தேன்.”

“என்ன பார்த்தே?”

“போல்ட் கோணலா ஏறியிருந்தது. பாருன்னு கேட்டா. நல்லாருக்குன்னு சொன்னேன்.”

தோளிலிருந்து கை போய்விட்டது. எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை, கனம் மட்டும் இல்லை.

“நான் பின்னாடி உக்காந்திருந்தேன்டி,” என்றாள் சொகோரோ, நடைபாதையிலிருந்து.

“நீ இருப்பேன்னு யோசிக்கலம்மா.”

“வேற யாராவது இருந்தா பரவாயில்லையா?”

ராமிரோ ரொட்டிக்கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தேசிரேதான் பேசினாள். குரலில் சிரிப்பு சுத்தமாக இல்லை. “எல்லாம் ஒரே அளவு போல்ட்தான். உன் வண்டிலேருந்து ஒண்ணு கழட்டு.”

“கழட்டினா என்னுது நிக்காது.”

“தெரியும்.”

காயெல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தேசிரே அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். நயேலி நாச்சோ மாமாவின் காரிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து, பூசைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் படுத்தாள். தன் கீழ்க்குழாயின் போல்ட்டைக் கழற்றி, பேஃபிளைக் கையுறையால் உருவி வெளியே வைத்தாள். பிறகு நகர்ந்துபோய்த் தேசிரேயின் வண்டிக்கு அடியில் படுத்தாள். பேஃபிளை உள்ளே தள்ளி, துளையும் நட்டும் நேராக வருகிறவரைக்கும் திருகி, போல்ட்டைக் கையாலேயே பாதி ஏற்றி, கடித்துவிட்டது என்று தெரிந்தபிறகு ஸ்பேனர் போட்டாள். குழாய் மணிக்கட்டைச் சுட்டது. எடுக்கவில்லை. தலை தட்டையாக உட்கார்ந்தது. இவ்வளவு சுத்தமாக அவள் தன் வண்டிக்குக்கூட மாட்டியதில்லை.

“அப்பா, வந்து பாருங்க,” என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். விரலால் அழுத்தினார். “ம்,” என்றார். அவ்வளவுதான்.

வெறுங்குழாயோடு கோயில் வாசலுக்கு யாரும் வரக் கூடாது, அது சாமியார் போட்ட கண்டிஷன். யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை. எல்லாரும் ஏறி உட்கார்ந்தார்கள். அம்மா மறுபடி காயெலின் பின்னால் ஏறினாள், தேசிரேயின் குழாய்க்கு நேர் பின்னால். மகளைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டவில்லை.

தேசிரே ஹெல்மெட்டை மாட்டினாள். “இனிமே உன்கிட்ட எதையும் பாக்கச் சொல்ல மாட்டேன் கூன்யா.”

“சரி.”

“போல்ட்டைத் திருப்பித் தந்துருவேன்.”

“வேணாம்.”

“தந்துருவேன்,” என்றாள் தேசிரே. ஸ்டார்ட் பண்ணினாள்.

வரிசை நகர்ந்தது. நயேலி சூடு தணியாத பேஃபிளைக் கையில் பிடித்துக்கொண்டு, கரி அப்பிய சட்டையோடு ரொட்டிக்கடை வாசலில் நின்றாள். இரண்டு பைக்கும் பச்சை விளக்கைத் தாண்டிப் போயின. கடைக்காரன் வெளியே வந்து, “ஆகா, என்னமா இருக்கு சத்தம்,” என்றான் அவளைப் பார்த்து.

இருந்தது. நிஜமாகவே இருந்தது. கடைசி வண்டியும் திரும்பி மறைந்த பிறகும், மற்ற எல்லாச் சத்தத்துக்கும் அடியில், அந்த இரண்டும் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தன. அதில் ஒரு போல்ட் அவளுடையது. அது ஆறுதலாக இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது.